உப்புத்தண்ணி, வேர்வை, பரு: எது போட்டாலும் மூஞ்சி எரியுது, இதுல கல்யாணத்துக்கு மேக்கப் வேற

தங்கச்சிமடம்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் தங்கச்சிமடம், வேலை ராம்நாட்டுல, டெய்லி பஸ்ல பாம்பன் பாலம் தாண்டி போய்ட்டு வரேன். ஜன்னல் சீட் கெடச்சா காத்து சொகமா தான் இருக்கும் ஆனா எறங்குறப்ப மூஞ்சில கைய வச்சா பிசுபிசுனு உப்பு. மீன்பிடி தடைக்காலம் முடியப் போகுது, இனிமே கச்சான் காத்து வேற அடிச்சா மணலும் சேந்து அப்பும், சொல்லவே வேணாம்.

என் ஸ்கின் எப்படின்னா நெத்தியும் மூக்கும் எண்ணெய் வழியும், மூக்கு ஓரத்துல மட்டும் தோல் உரியும். தாடைலயும் வாய்க்கு கீழயும் பெருசு பெருசா பரு வரும், போனா கருப்பா தழும்பு விட்டுட்டு போகும். நெத்தில வேற மாதிரி, சின்ன சின்னதா ஒரே சைஸ்ல பொரிப்பொரியா இருக்கு. யூட்யூப்ல பாத்து நியாசினமைட் 10 பெர்சன்ட் சீரம் வாங்குனேன், போட்டதும் கன்னம் செவந்து எரிஞ்சிருச்சு. ஒரு ஃபேஸ்வாஷ் மூஞ்சிய வறட்டு வறட்டுனு ஆக்கிருச்சு. சன்ஸ்கிரீன் கண்ணுக்குள்ள போய் தண்ணியா ஊத்துது. வீட்ல போர் தண்ணி, சோப்பு நொரையே வராது, குடிக்க மட்டும் காவேரி தண்ணி குடத்துல பிடிச்சு வைப்போம்.

இப்ப ரெண்டு விஷயம். சித்தி மக கல்யாணம் ஆவணில வருது, நான் தான் பொண்ணுக்கு கூட நிக்கணும், மேக்கப் போட்டே ஆகணும்னு எல்லாரும் நிக்கிறாங்க. போன தடவை ஒரு விசேஷத்துக்கு பார்லர்ல போட்டு விட்டு அடுத்த வாரம் பூரா மூஞ்சி பொங்கி கெடந்துச்சு. ரெண்டாவது, எங்க மாமா துபாய்ல இருந்து ஒரு க்ரீம் கொண்டு வந்திருக்காரு, சின்ன டப்பா, மேல எதோ பூ படம், உள்ள என்ன இருக்குன்னு ஒண்ணும் போடல. எங்க அம்மா கடல்பாசி எடுக்க போறவங்க, வெயில்ல கன்னத்துல மங்கு விழுந்திருக்கு, அவங்க அத போட்டுக்கிட்டு இருக்காங்க, நெசமாவே வெளுத்திருக்கு, மூஞ்சி மினுமினுனு இருக்கு. எனக்கும் போட சொல்றாங்க. போடலாமா? புதுசா ஒண்ணு வாங்குனா அது நமக்கு ஒத்துக்குமானு எப்படிங்க கண்டுபிடிக்கிறது, ஒவ்வொண்ணா காசு போட்டு மூஞ்சிய நாசம் பண்ணி தான் தெரிஞ்சுக்கணுமா?

கீழக்கரை லாத்தா:

வாம்மா தங்கச்சி. நான் கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் பண்றவ, பரு இருக்குற மூஞ்சி தான் என்கிட்ட பாதிக்கு மேல வரும், அதனால சொல்றேன், பயப்படாத, ஆவணிக்கு டைம் இருக்கு. ஆனா இன்னைக்கே ஒண்ணு செய்யி, இப்ப மூஞ்சில போடுற எல்லாத்தையும் நிறுத்து. சீரம், ஸ்க்ரப், டோனர், எல்லாம். ஒரு ரெண்டு மூணு வாரம் மூணே பொருள் போதும், மைல்டா ஒரு க்ளென்சர், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். எரியுற தோலுக்கு மேல என்ன மருந்து வச்சாலும் எரியத் தான் செய்யும், அந்த நேரத்துல எது ஒத்துக்குது எது ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

தண்ணி விஷயம் ரொம்ப முக்கியம், அத யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா வீடியோ போடுறவங்க வீட்ல நம்ம தண்ணி வர்றதில்ல. நம்ம போர் தண்ணில சுண்ணாம்பும் மக்னீசியமும் ஜாஸ்தி, சாதா சோப்பு போட்டா அதோட சேந்து ஒரு வெள்ளை கசடா மாறிரும், பக்கெட் ஓரத்துல ஒட்டுதுல்ல அதே தான், மூஞ்சிலயும் ஒட்டும். போதாததுக்கு சோப்போட பிஎச் 9, 10னு இருக்கும், நம்ம தோலு 5 சுத்தி இருக்கணும். அதனால சோப்பே இல்லாத க்ளென்சர் எடு. சிண்டெட் பார்னு கேளு, இல்லனா செட்டாஃபில், செபாமெட் மாதிரி, விலை கொஞ்சம் கூட தான் ஆனா நம்ம தண்ணில கசடு கட்டாது. போர் தண்ணில கழுவிட்டு கடைசியா ஒரு செம்பு காவேரி தண்ணிய மூஞ்சில ஊத்திக்க. ஒரு செம்புக்கு உங்க அம்மா திட்ட மாட்டாங்க. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அவ்ளோ தான் க்ளென்சர். பஸ்ஸ விட்டு எறங்குனா வெறும் தண்ணில அலசிட்டு துணில ஒத்தி எடு, தேய்க்காத.

டெஸ்ட் பண்றத பத்தி. எல்லாரும் கையில தடவி ஒரு நாள் பாத்துட்டு ஒண்ணும் ஆகலைன்னு மூஞ்சி பூரா அப்பிருவாங்க. ரெண்டு டெஸ்ட் வேணும்மா. முதல்ல அலர்ஜிக்கு, முழங்கை உள்பக்கத்துல ஒரு நாலணா அளவு இடத்துல காலைலயும் ராத்திரியும் ஒரு வாரம் பத்து நாள் போடு. சில அலர்ஜி உடனே வராது, அதே பொருள திரும்பத் திரும்ப போட்டா தான் வரும். அது பாஸ் ஆனா அடுத்தது பருவுக்கு. தாடைல வழக்கமா பரு வர்ற ஒரு பக்கம் மட்டும் ரெண்டு மூணு வாரம் போடு, மறு பக்கம் சும்மா விடு. தோல் துவாரம் அடைச்சு பரு ஆகுறதுக்கு வாரக்கணக்குல ஆகும், ஒரு ராத்திரில தெரியாது. இன்னைக்கு போட்டு நாளைக்கு பரு வந்தா அது பெரும்பாலும் போன மாசம் அடைச்சதா இருக்கும், பாவம் புது க்ரீம் மேல பழி விழும். ஒரு நேரத்துல ஒரே ஒரு புதுப் பொருள், இது ரூல். ரெண்டு சேந்து ஆரம்பிச்சா எது குத்தவாளின்னு தெரியாது.

அந்த துபாய் டப்பாவ மாத்திரை தம்பி பாத்துக்குவாரு, அவரு வந்தா கிழிப்பாரு.

மாத்திரை தம்பி:

வந்துட்டேன் லாத்தா. நான் ராம்நாட்டுல மெடிக்கல்ல நிக்கிறவன், டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறேன்.

அக்கா, அந்த க்ரீம நீங்க தொடாதீங்க. லேபிள் இல்லாம வெளுக்க வைக்கிற க்ரீம்னா உள்ள ரெண்டுல ஒண்ணு இருக்கத் தான் வாய்ப்பு ஜாஸ்தி, பாதரசம் இல்லனா ஸ்டீராய்டு, சிலதுல ரெண்டும். பாதரசம் தோலுக்கு கலர் குடுக்குற மெலனின தடுக்கும், அதனால வெளுக்கும். ஆனா அது தோல் வழியா உள்ள போய் கிட்னில உக்காரும். 2023-ல கேரளால மலப்புரம் பக்கம் கிட்னி கெட்டு வந்தவங்கள்ட்ட என்ன காரணம்னு தோண்டிப் பாத்தப்ப, இந்த மாதிரி ஊரு பேரு இல்லாத ஃபேர்னஸ் க்ரீம் தான்னு டாக்டர்ங்க கண்டுபிடிச்சாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. நம்ம நாட்டுல 2020 காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் படி மூஞ்சிக்கு போடுற க்ரீம்ல பாதரசத்த சேக்கவே கூடாது, தானா கலந்திருந்தாலும் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்கு, தாண்டக் கூடாது. டப்பால கலோமெல், மெர்குரஸ் க்ளோரைடு, அம்மோனியேட்டட் மெர்குரி இப்படி எதாவது எழுதியிருந்தா அது பாதரசம் தான். ஒண்ணுமே எழுதலைன்னா அதுக்கும் மேல சந்தேகம். இன்னொன்னு, அம்மா போடுறாங்கன்னா அது அவங்களோட நிக்காது, துண்டு தலகாணி உறை வழியா வீட்ல இருக்குறவங்களுக்கும் ஒட்டும். துண்ட தனியா வைங்க.

ஸ்டீராய்டுன்னா கதை வேற. பெட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், க்ளோபெட்டாசால் இதெல்லாம் கரப்பான், சொரியாசிஸ் மாதிரி தோல் நோய்க்கு டாக்டர் கொஞ்ச நாளைக்கு எழுதுற மருந்து. மூஞ்சில போட்டா முதல்ல அற்புதமா இருக்கும், பரு அடங்கும், சிவப்பு போகும், பளபளன்னு ஆகும். அப்புறம் தோல் மெலிஞ்சு நரம்பு நரம்பா தெரியும், முடி வளரும், வெயில்ல நின்னா எரியும், நிறுத்துனா மூஞ்சி பொங்கிரும், அதுக்கு பயந்து திரும்ப அதையே போடுவாங்க. இந்தியாவுல இது எவ்ளோ பேருக்குன்னா தோல் டாக்டர்ங்க இதுக்குன்னே ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்னு தனிப் பேரு வச்சிருக்காங்க. 2018-ல இந்த வகை நெறைய க்ரீம டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு ஆர்டர் போட்டாங்க, ஆனா எங்க கவுன்டர்ல இன்னமும் டெய்லி ஒரு ஆள் காலி ட்யூப எடுத்து நீட்டி இதே குடுங்கங்கும். இல்லன்னு சொன்னா எதுத்த கடைக்கு போகும்.

அம்மாவ சட்டுனு நிறுத்த சொல்லி வீட்ல சண்டை போடாதீங்க. ஸ்டீராய்டா இருந்தா திடீர்னு நிறுத்துறப்ப தான் பொங்கும், அத பாத்து பயந்துருவாங்க. டப்பாவ கையில எடுத்துக்கிட்டு ராம்நாடு பெரியாஸ்பத்திரில தோல் ஓபிக்கு கூட்டிட்டு போங்க, அவங்க எப்படி விடணும்னு சொல்லுவாங்க, யூரின் டெஸ்ட்டும் கேளுங்க. கால் வீக்கம், யூரின்ல நொரை இருந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க, அன்னைக்கே போங்க.

தொண்டி அம்மா:

எனக்கு 58 வயசு, என் பொண்ணு தான் டைப் பண்ண கத்துக் குடுத்தா. இந்த பிள்ளைங்களுக்கு எல்லாம் கடைச் சரக்கு தான் வேணும். நாங்க பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சம் சாறு, ராத்திரி தேங்கா எண்ணெய், இதுல தான் வளந்தோம். ஒரு பரு கெடையாது. பரு மேல பேஸ்ட் வச்சா காலைல அமுங்கிரும். தண்ணி நெறைய குடிங்க, கருவாடு குறைங்க.

கீழக்கரை லாத்தா:

அம்மா உங்க தோலு அப்படி, மாஷா அல்லாஹ், அது எல்லாருக்கும் வராதுல்ல. பயத்தமாவு சரி, சலிச்சு நைஸா இருந்தா தோலுக்கு கெடுதல் இல்ல, ஆனா இந்தப் பிள்ளைக்கு உரியுற தோல், தேய்ச்சா புண்ணாகும். எலுமிச்சைய மட்டும் சொல்லாதீங்கம்மா. எலுமிச்ச சாறு தோல்ல இருக்குறப்ப வெயில் பட்டா கொப்புளமே வரும், அப்புறம் மாசக்கணக்குல கருப்பா நிக்கும், நம்மூரு வெயில்ல கேக்கவே வேணாம். பேஸ்ட்டும் அதே கதை தான், மெந்தாலும் சோடாவும் சேந்து பருவ சுட்டு விடும், அமுங்குன மாதிரி தெரியும், சுட்ட எடம் தழும்பா போகும். இவளுக்கு தழும்பு தானே பிரச்சினையே.

தேங்கா எண்ணெய் உடம்புக்கு தலைக்கு ராஜா, பரு வர்ற மூஞ்சிக்கு வேணாம். தலைக்கு வச்சாலும் நெத்தி ஓரத்துல வழியாம ராத்திரி ஒரு துணி கட்டிப் படுக்கணும். இதே தேங்கா எண்ணெய வச்சு மேக்கப் கலைக்க சொல்றவங்கள பாத்தா எனக்கு அப்படி கோவம் வரும்.

கருவாட்ட விடுங்கம்மா, அது பாவம். இனிப்பு, பாலு ஜாஸ்தியா சாப்பிட்டா சில பேருக்கு பரு கூடும்னு சொல்றாங்க, கருவாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தம் இருக்குறதா எந்த டாக்டரும் என்கிட்ட சொல்லல.

சாயல்குடி_கருப்பட்டி:

அக்கா நான் சாயல்குடி, இப்ப சென்னைல, பையன் தான் ஆனா படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. அந்த நெத்தி பொரி விஷயம், அது பரு இல்லாமலும் இருக்கலாம். எல்லாம் ஒரே சைஸ்ல, அரிக்குதுன்னா, வேர்வை வந்தா கூடுதுன்னா, அது மலசீசியான்னு ஒரு ஈஸ்ட், நம்ம தோல்ல எப்பவும் இருக்குறது தான், பொடுகுக்கும் அதான் காரணம். புழுக்கத்துல மயிர்க்கால்ல போய் கூட்டம் போட்டுரும். எனக்கு நெஞ்சுலயும் முதுகுலயும் இருந்துச்சு, பருன்னு நெனச்சு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, இன்னும் ஜாஸ்தி ஆச்சு, ஏன்னா ஆன்டிபயாடிக் பாக்டீரியாவ கொல்லும், ஈஸ்ட்டுக்கு போட்டியே இல்லாம போயிரும். அப்புறம் வேற டாக்டர் கீடோகோனசோல் 2 பெர்சன்ட் ஷாம்பு குடுத்து, நுரை வச்சு சில நிமிஷம் விட்டு கழுவ சொன்னாரு, அதுல தான் அடங்குச்சு. இந்த ஈஸ்ட்டுக்கு கொழுப்பு தான் சாப்பாடு, நெத்தில எண்ணெய் வழிஞ்சா அதுக்கு விருந்து. அதனால லாத்தா சொன்ன தலைத்துணி கட்டாயம்.

உங்களுக்கு அது தானான்னு எனக்கு தெரியாது, தாடைல வர்றது வேற ஐட்டம். ரெண்டும் சேந்து இருக்குற கேஸ் நெறையன்னு டாக்டரே சொன்னாரு. மூஞ்சில ஷாம்பு போட்டா வறண்டு போகும், உங்க ஸ்கின்னுக்கு கேட்டுட்டு செய்ங்க.

தங்கச்சிமடம்_பொண்ணு:

அய்யோ இவ்ளோ பேரு எழுதிருக்கீங்க, நன்றிங்க. தொண்டி அம்மா கோச்சுக்காதீங்க, எங்க அப்பத்தாவும் இதே தான் சொல்லும்.

ஆமா நெத்தி அரிக்குது, பஸ்ல வர்றப்ப ஜாஸ்தி. தாடைல வர்றது பீரியட்ஸுக்கு முன்னாடி வாரம் தான் வரும், சில மாசம் பீரியட்ஸே தள்ளிப் போகும். அம்மா விஷயம் நேத்து பேசுனேன், மொகத்த தூக்கி வச்சுக்கிட்டாங்க, "இத்தன வருஷம் கடல்ல கருகுனேன், இப்ப தான் கண்ணாடில பாக்குறேன், அது பொறுக்கலையா ஒனக்கு"ன்னுட்டாங்க. எனக்கு பதிலே வரல. பெரியாஸ்பத்திரிக்கு எனக்காக வர்ற மாதிரி கூட்டிட்டு போகலாம்னு இருக்கேன்.

தம்பி, சாலிசிலிக் ஆசிட், பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் இதுல எது வாங்குறது? சன்ஸ்கிரீன் எது கண்ணு எரியாது? லாத்தா, மேக்கப்புக்கு நான்-காமிடோஜெனிக்னு, அதாவது துவாரத்த அடைக்காதுன்னு, போட்டது வாங்குனா போதுமா?

மாத்திரை தம்பி:

பீரியட்ஸ் தள்ளிப் போகுது, தாடைல பருன்னா பிசிஓடி, அதான் சினைப்பை நீர்க்கட்டி பிரச்சினை, இருக்கான்னு பாக்கணும், அது க்ரீம்ல மட்டும் முடியாது. அதே நாள் டாக்டர்ட்ட இதையும் சொல்லிருங்க, கூச்சப்படாதீங்க.

மருந்துல, எரியுற தோலுக்கு மூணையும் ஒண்ணா வைக்கிறவங்க தான் கடைசில என்கிட்ட வந்து அழுவாங்க. சாலிசிலிக் 2 பெர்சன்ட் வரைக்கும் கவுன்டர்ல கிடைக்கும், எண்ணெய்ல கரையும், அதனால அடைச்ச துவாரத்துக்குள்ள போகும், கரும்புள்ளிக்கு நல்லது, சீழ் வச்ச பெரிய பருவுக்கு அவ்ளோ கேக்காது. ஆஸ்பிரின் அலர்ஜி இருக்குறவங்க தொடக்கூடாது. பென்சாயில் பெராக்சைடு பரு பாக்டீரியாவ கொல்லும், 2.5 பெர்சன்டே 10 பெர்சன்ட் அளவுக்கு வேலை செய்யும், எரிச்சல் தான் கம்மி, அதனால பெரிய நம்பர் பாத்து வாங்காதீங்க. நியாசினமைட்டும் அப்படித் தான், 4, 5 பெர்சன்ட் தாராளம், 10-ன்னா உங்கள மாதிரி சில பேருக்கு கன்னம் செவக்கும். பெராக்சைடு துணிய வெளுத்துரும் பாருங்க, கலர் தலகாணி உறை, துப்பட்டா எல்லாம் போச்சு.

அடாபலீன் 0.1 தான் புது பருவே வராம தடுக்கும், ஆனா டாக்டர் பாத்து எழுதுனா தான். எழுதுனா ஒரு பட்டாணி அளவு மூஞ்சி முழுசுக்கும், ராத்திரி, காஞ்ச தோல்ல, முதல்ல வாரத்துக்கு ரெண்டு நாள். மாய்ஸ்சரைசர் போட்டு அதுக்கு மேல அடாபலீன், திரும்ப மாய்ஸ்சரைசர், இப்படி போட்டா எரிச்சல் கம்மி. முதல் மாசம் பரு கூடுற மாதிரி இருக்கும், உள்ள இருந்தது வெளிய வருது, முழு பலன் தெரிய மூணு மாசம் ஆகும். ஆவணிக்கு இப்ப ஆரம்பிச்சா தான் சரியா வரும், கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிச்சா உரிஞ்சுக்கிட்டு நிப்பீங்க. கல்யாணம் ஆகி குழந்தைக்கு பிளான் பண்றவங்க இத போடக் கூடாது, அதுக்கு அசெலாயிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு, அது தழும்புக்கும் நல்லது, டாக்டர்ட்ட அதையும் கேட்டு வைங்க.

சன்ஸ்கிரீன் கண்ணு எரியுறது பெரும்பாலும் கெமிக்கல் ஃபில்டர் வேர்வைல கரைஞ்சு எறங்குறதால. கண்ண சுத்தி மட்டும் ஜிங்க் ஆக்சைடு வச்சது போடுங்க, மீதி மூஞ்சிக்கு ஜெல் டைப். எஸ்பிஎஃப் 30-க்கு மேல, ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்தா தான் மூஞ்சி கழுத்துக்கு பத்தும். கால்வாசி விரல் அளவு தேய்ச்சா எஸ்பிஎஃப் 50 போட்டும் பிரயோஜனம் இல்ல.

கீழக்கரை லாத்தா:

நான்-காமிடோஜெனிக்னு டப்பால போட்டத நம்பி மட்டும் வாங்காத தங்கச்சி. அதுக்குன்னு சட்டப்படி ஒரே டெஸ்ட் கெடையாது, கம்பெனிக்காரன் அவனா போட்டுக்குறது தான். எந்த பொருள் துவாரத்த அடைக்கும்னு நெட்ல சுத்துற லிஸ்ட் பாதி அந்தக் காலத்துல முயல் காதுல தடவி பாத்து எழுதுனது, முயல் காது நம்ம மூஞ்சி இல்லையே. அந்த லிஸ்ட்ல கேரஜீனன்னு ஒண்ணு பெரிய வில்லனா இருக்கும், அது என்ன தெரியுமா, உங்க பக்கம் பாம்பன் மண்டபத்துல மிதவை கட்டி வளக்குறாங்கல்ல அந்தப் பாசில இருந்து எடுக்குற கொழகொழப்பு தான், பேஸ்ட்ல லோஷன்ல எல்லாம் கெட்டியாக்க போடுவாங்க. அது போட்ட க்ரீம் ஒத்துக்கிட்ட பொண்ணுங்க என்கிட்ட எத்தனையோ பேரு இருக்காங்க. உன் தாடை டெஸ்ட் தான் உனக்கு லிஸ்ட்டு.

மேக்கப்ல உனக்கு பொங்குனதுக்கு ஃபவுண்டேஷன மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். பிரஷ்ஷும் ஸ்பாஞ்சும் தான் முதல் சந்தேகம். ஒரே ஸ்பாஞ்ச தண்ணில நனைச்சு நனைச்சு நாலு பொண்ணுக்கு போடுவாங்க, நம்ம புழுக்கத்துல அது காயவே காயாது. கூச்சமே படாத, உன் ஸ்பாஞ்ச நீயே கொண்டு போ. லிப்ஸ்டிக்க டப்பாவோட உதட்டுல தேய்க்க விடாத, சின்ன கத்தில சுரண்டி தட்டுல வச்சு பிரஷ்ல எடுத்து தான் போடணும், மஸ்காராவுக்கு ஒரு தடவை போட்டு தூக்கிப் போடுற பிரஷ் இருக்கு. கடைல வச்சிருக்குற டெஸ்டர மூஞ்சில வைக்கவே கூடாது.

நெறம் பாக்குறப்ப கை மணிக்கட்டுல போட்டு பாக்க சொல்லுவாங்க, வேணாம், தாடை எலும்புல ஒரு கோடு இழுத்து வாசல்ல வெளிச்சத்துல நின்னு பாரு, கோடு மறைஞ்சா அது தான் உன் நெறம். நம்ம பக்கம் பார்லர்ல எல்லாம் ரெண்டு நெறம் வெளுப்பா போட்டு தான் பழக்கம், அப்புறம் வேர்வைல சாம்பல் பூத்து நிக்கும், போட்டோல கழுத்து தனியா தல தனியா. கண்டிப்பா சண்டை போடு இதுக்கு. கருப்பு தழும்புக்கு மேல வெளுப்பு கன்சீலர அப்புனா சாம்பலா தான் தெரியும், முதல்ல ஆரஞ்ச் இல்லனா பீச் கலர் கரெக்டர் ஒரு புள்ளி வச்சு அமுக்கி அப்புறம் உன் நெறத்த மேல வை. பச்சை கரெக்டர் செவந்த பருவுக்கு, அதுவும் வெள்ளத் தோலுக்கு. நமக்கு அவ்ளோவா வேலைக்கு ஆகாது.

கெட்டியா ஒரேயடியா அப்பாம மெல்லிசா போட்டு, தேவைப்பட்ட எடத்துல மட்டும் இன்னொரு தடவை. டைமெத்திகோன்ங்குற சிலிக்கோன் போட்ட ப்ரைமருக்கு பயப்பட வேண்டியது இல்ல, வழவழன்னு இருக்கும் ஆனா பொதுவா துவாரத்த அடைக்காது. வேர்த்தா டிஷ்யூவ வச்சு அமுக்கி எடுக்கணும், அதுக்கு மேல மேல பவுடர் போட்டா திட்டு திட்டா ஆகிரும். முடிஞ்சதும் எவ்ளோ அசதியா இருந்தாலும் கலைச்சுட்டு தான் படுக்கணும், மைசெல்லார் தண்ணிய பஞ்சுல நனைச்சு வச்சு ஊற விட்டு துடை, அப்புறம் உன் க்ளென்சர், அப்புறம் காவேரி செம்பு.

கல்யாண வாரத்துல ஃபேஷியல், ப்ளீச், புது க்ரீம் எதுவும் கெடையாது. த்ரெட்டிங் கூட நாலஞ்சு நாள் முன்னாடியே முடிச்சிரு, உனக்கு அங்க பொரி வரும். மருதாணி வைக்கிறன்னா பச்சை எலைய அரைச்சு வை, இல்லனா யாரு கலந்த கோனுன்னு தெரிஞ்சு வாங்கு. அரை மணி நேரத்துல கருகருன்னு புடிக்கிற கருப்பு கோன்ல முடிச்சாயத்துல போடுற பிபிடி இருக்கும், கொப்புளம் வந்து பூ டிசைன் அப்படியே தழும்பா நின்ன கைய எல்லாம் பாத்திருக்கேன்.

சாயல்குடி_கருப்பட்டி:

லாத்தா கோன் விஷயம் எங்க வீட்ல ஃபார்வேர்டு பண்ணிட்டேன், வர்ற பெருநாளைக்கு பக்கத்து வீட்டு பிள்ளைங்க பூரா அதான் வாங்குவாங்க.

தொண்டி அம்மா:

கோவம்லாம் இல்ல பாப்பா. அந்த மங்குக்கு உங்க அம்மா என்ன தான் போடுறது, அத யாரும் சொல்லலையே. எனக்கும் கன்னத்துல இருக்கு, அதான் கேக்குறேன்.

மாத்திரை தம்பி:

நல்ல கேள்விம்மா. மங்குக்கு வெயில்ல இருக்குற யூவி மட்டும் காரணம் இல்ல, கண்ணுக்கு தெரியுற வெளிச்சமும் கருக்க வைக்கும், அத சாதா சன்ஸ்கிரீன் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு போட்ட கலர் சன்ஸ்கிரீன் தடுக்கும், டின்டட்னு கேளுங்க, லேசா ஃபவுண்டேஷன் மாதிரி மாநிறத்துல இருக்கும், வெள்ளை பூத்த மாதிரியும் தெரியாது. உங்களுக்கு அதான் சரி. தண்ணில கெடக்குறவங்களுக்கு எந்த சன்ஸ்கிரீனும் நிக்காது, வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டது 40 நிமிஷம், மிஞ்சி போனா 80 நிமிஷம், அவங்க பாதி நாள் கடல்ல. பாசி எடுக்குற அக்காங்க மூஞ்சிய சுத்தி துணி கட்டி மேல சட்டை போட்டு கண்ணாடி மாட்டிக்கிட்டு எறங்குவாங்கல்ல, அந்தத் துணிய நல்லா கெட்டியா, கருப்பு இல்லனா கருநீலத்துல, கன்னம் மூடுற மாதிரி கட்டுனாலே பாதி வேலை முடிஞ்சுது. கரை ஏறுனதும் நல்ல தண்ணில அலசிட்டு டின்டட் போடட்டும். மீதிய டாக்டர் பாத்து, அசெலாயிக்கோ வேறயோ எழுதுவாரு.

இன்னொன்னு, கடலுக்குள்ள எறங்குறப்ப ஆக்சிபென்சோன் போட்ட சன்ஸ்கிரீன் வேணாம், பவளப்பாறைக்கு ஆகாதுன்னு ஹவாய்ல 2021-ல இருந்து விக்கவே விடல. நம்ம மன்னார் வளைகுடாவுலயும் பவளம் தானே கெடக்கு.

தங்கச்சிமடம்_பொண்ணு:

இத அப்படியே அம்மாட்ட படிச்சு காட்டுனேன். துணி கட்டுற வரைக்கும் தலைய ஆட்டுனாங்க, கருநீலத்துல எங்க இருக்கு வாங்கிட்டு வான்னாங்க. டின்டட்னதும் "அது வெளுக்குமா"ன்னு கேட்டாங்க. வெளுக்காது, மேல கருக்காமப் பாத்துக்கும்னேன். யோசிக்கிறாங்க. ஓபிக்கு வியாழக்கிழமை லீவு கேட்டிருக்கேன், டப்பாவ எடுத்து ஹேண்ட்பேக்ல வச்சுட்டேன், காணோம்னு தேடிக்கிட்டு இருக்காங்க.

சீரம் எல்லாத்தையும் கட்டி அலமாரி மேல வச்சாச்சு. சிண்டெட் பார் இங்க கெடைக்கல, ராம்நாட்டுல சொல்லி வச்சிருக்கேன். லாத்தா, ட்ரையல் மேக்கப்புக்கு கீழக்கரை வரலாமா, எப்ப வரணும்?

கீழக்கரை லாத்தா:

வாம்மா, ஆனா இப்ப வராத. எரிச்சல் முழுசா அடங்கி, டாக்டர் குடுத்தது செட் ஆன பெறகு, கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது வா. காலைல போட்டு விடுறேன், அன்னைக்கு பூரா அதோட பஸ்ஸு வெயிலு எல்லாம் சுத்திட்டு சாயங்காலம் மூஞ்சி எப்படி இருக்குன்னு போட்டோ அனுப்பு, பரு வருதான்னு அடுத்த ரெண்டு வாரமும் பாத்து சொல்லு. வரும்போது உன் சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர், ஸ்பாஞ்ச் மூணையும் கொண்டு வா, என் ஃபவுண்டேஷன் உன் சன்ஸ்கிரீனுக்கு மேல உருண்டு உருண்டு வருதான்னு அன்னைக்கே தெரிஞ்சிரும். அம்மாவையும் கூட்டிட்டு வா, சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கட்டும், அவங்க நெறத்துக்கு எந்த டின்டட்னு நானே போட்டு காட்டுறேன்.